பத்திரமாகப் போ

பழைய ஸ்போர்ட்ஸ் கார் நல்லதா, புதிய சின்னக் கார் நல்லதா என்று பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் எண்களைத்தான் எடுப்பார்கள். நானும் எண்களிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் வீட்டு வாசலில் இரண்டும் நிற்கின்றன.

ஒன்று 1992-ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா. சிவப்பு நிறம். இரண்டே இருக்கைகள், பின்னால் மடித்து வைக்கிற துணிக் கூரை, பொத்தானை அழுத்தினால் தவளைக் கண் போல எழும்பும் முன்விளக்குகள். 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ ஆயிரம் கிலோ. மற்றொன்று 2016-ஆம் ஆண்டு ஹோண்டா ஃபிட். இந்தியாவில் ஜாஸ் என்ற பெயரில் விற்றார்களே, அதே வண்டி. சாம்பல் நிறம், ஐந்து பேர் உட்காரலாம். 1.5 லிட்டர் எஞ்சின், 130 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 1,150 கிலோ. அதாவது காய்கறி வாங்கப் போகிற வண்டிக்கு ஸ்போர்ட்ஸ் காரைவிடச் சக்தி அதிகம். எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டும் கிட்டத்தட்ட சமம்.

ஓட்டினால் மட்டும் சமமாக இருக்காது. ஃபிட்டில் உட்கார்வது நாற்காலியில் உட்கார்வது போல. சுற்றிலும் கண்ணாடி, நாலா பக்கமும் தெரியும். கியர் தானாக மாறும். ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் இருப்பதைத் திரையில் காட்டும். மியாட்டாவில் உட்கார்வது தரையில் பாய் விரித்து உட்கார்வது போல. பக்கத்தில் போகும் லாரியின் சக்கரத்தில் எத்தனை நட்டு என்று எண்ணிவிடலாம். என் வண்டியில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. சாலையில் கிடக்கிற சிறு கல்லும் உள்ளங்கைக்குத் தெரியும். எஞ்சின் முன்னால், உந்துவது பின்சக்கரங்கள், எடை முன்னும் பின்னும் ஏறத்தாழ சரிபாதி. வளைவில் திரும்பும்போது வண்டி நம் இடுப்பைச் சுற்றித் திரும்புவது போலிருக்கும். மணிக்கு 40 மைல் வேகமே போதும், மனசு நிறைந்துவிடும்.

இந்த அனுபவத்துக்காகவே அதைச் செய்தார்கள். எம்ஜி, டிரையம்ப் மாதிரியான பிரிட்டிஷ் கம்பெனிகளின் மலிவான திறந்த கார்கள் 1980 வாக்கில் மறைந்துபோன பிறகு, அந்த இடத்தை நிரப்ப 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா இதை அறிமுகப்படுத்தியது. தோஷிஹிகோ ஹிராய் தலைமையிலான குழு உருவாக்கியது. அவர்கள் வைத்துக்கொண்ட கொள்கைக்கு ஜப்பானிய மொழியில் 'ஜின்பா இத்தாய்' என்று பெயர். குதிரையும் அதில் ஏறியவரும் ஓருடல் என்று பொருள். 2016-க்குள் பத்து லட்சம் வண்டிகள் செய்துவிட்டார்கள். உலகில் மிக அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இதுதான்.

அவ்வளவு விற்றும் அமெரிக்காவில் இதற்கு ஒரு கேலிப் பெயர் உண்டு: 'பொண்ணுங்க கார்'. சின்னதாக இருக்கிறது, சிரித்த முகமாக இருக்கிறது, உறுமுவதில்லை என்பதால். வேடிக்கை என்னவென்றால் ஃபிட்டையும் அதே பெயரால்தான் அழைக்கிறார்கள். காரணம் வேறு: அது சிக்கனமானது, பார்க் செய்ய எளிது, பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் ஏற்றது. வெறும் இன்பத்துக்கு என்று செய்த வண்டியும் பெண்களுடையது, வெறும் வேலைக்கு என்று செய்த வண்டியும் பெண்களுடையது என்றால், அந்தப் பெயருக்கும் காருக்கும் சம்பந்தமில்லை. மதிப்பைக் குறைக்க வேண்டிய எதன்மேலும் அதை ஒட்டலாம், அவ்வளவுதான்.

நான் 2008-இல் மிச்சிகனுக்கு வந்தேன். டெட்ராய்ட்டின் மேற்குப் புறநகர்களில் ஒன்று. இணையருக்கு ஹெச்-1பி விசா, எனக்கு அவரைச் சார்ந்தவள் என்ற ஹெச்-4. ஹெச்-4-இல் வந்தவர்கள் அப்போது வேலைக்குப் போகக் கூடாது. கார் நகரம் என்று பெயரெடுத்த இந்த ஊரில் கார் இல்லாதவர்களுக்கு எதுவும் இல்லை. பேருந்து எங்கள் பக்கம் வருவதில்லை. சில சாலைகளில் நடைபாதையே கிடையாது. காலையில் இணையர் காரை எடுத்துக்கொண்டு போனால், மாலை வரை நானும் கைக்குழந்தையும் வீடும்தான். புதுக்கோட்டையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாருதி 800-இல் கற்று, 'ஹெச்' போட்டுத் தேறி வாங்கிய உரிமம் என் பெட்டிக்குள் இருந்தது. ஊரில் பல வீடுகளில் பெண்களின் உரிமம் இப்படித்தான் பீரோவில் தூங்கும். ஆதார் வருவதற்கு முன்பு அது முகவரிச் சான்றாகப் பயன்பட்டது.

2015 மே மாதம் விதி மாறியது. கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களின் துணைவர்களுக்கு வேலை அனுமதி கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. ஒரு சிறு அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை. நான் வேலைக்குப் போவதற்காக என்று அடுத்த வருடம் வாங்கியதுதான் ஃபிட்.

ஃபிட் ஒரு புத்திசாலியான வண்டி. பெட்ரோல் டாங்கை முன் இருக்கைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அதனால் பின்பக்கம் தரை தாழ்வு. பின் இருக்கையின் அடிப்பலகையை மேலே மடித்து நிறுத்தினால் ஆளுயரச் செடியை நிற்க வைத்தே கொண்டுவரலாம். சாய்வுப் பலகையை முன்னால் படுக்க வைத்தால் சைக்கிளே உள்ளே போகும். ஒரு சின்ன வண்டிக்குள் இவ்வளவு இடமா என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் வியப்பார்கள். எனக்கும் முதலில் வியப்பாகத்தான் இருந்தது. போகப் போக வேறொன்று புரிந்தது. எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு வேலை வந்து உட்கார்ந்தது.

வேலைக்குப் போகும் வழியில் மகளைப் பள்ளியில் விட வேண்டும். திரும்பும் வழியில் பல் மருத்துவர், நூலகம், இந்தியக் கடை. ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கு இன்னும் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து யாருடைய பெற்றோர் வந்தாலும் விமான நிலையம். நகரத் திட்டமிடல் படித்தவர்கள் இதைச் சங்கிலிப் பயணம் என்பார்கள். ஆண்களின் பயணம் பெரும்பாலும் வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு என்று நேர்க்கோட்டில் போகிறது. பெண்களின் பயணம் இடையில் நாலு இடத்தில் நின்று, நாலு பேருக்காக வளைகிறது. எங்கள் வீட்டில் இருந்த இரண்டு கார்களும் ஒரே தூரம் ஓடின. இணையரின் வண்டியின் பின் இருக்கை மட்டும் புதிதாகவே இருந்தது.

2019-இல் மியாட்டாவை வாங்கினேன். 5,500 டாலர், என் சம்பளத்தில் சேர்த்தது. விற்றவர் ஒரு முதியவர். கிளட்ச் தெரியுமா என்று இரண்டு முறை கேட்டார். இந்த நாட்டில் கையால் கியர் போடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். மாருதி 800-இன் கனத்த கிளட்சை ஏற்றத்தில் பிடித்து நிறுத்திய கால் இது. முதல் முறையே அணையாமல் எடுத்தேன். பீரோவில் தூங்கிய உரிமம் இருபது வருடம் கழித்து ஒரு ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரில் விழித்துக்கொண்டது.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கேட்டார்கள். "ஏன் பழசு?" "யாருக்கு?" ஓர் ஆண் நாற்பது வயதில் இப்படியொரு சிவப்பு வண்டி வாங்கினால் 'மிட்லைஃப் கிரைசிஸ்' என்று முதுகில் தட்டிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் மன்னிப்பு இருக்கிறது. உழைத்தவன், ஆசைப்பட்டுவிட்டான், போகட்டும் என்ற அனுமதி இருக்கிறது. பெண்ணுக்கு அந்த வயதில் மெனோபாஸ் உண்டு, ஆசைக்குப் பெயரில்லை. என் இணையர் தடுக்கவில்லை. "பத்திரமா இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

ஊரிலிருந்து அம்மா வீடியோவில் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டி, ரெண்டே சீட்டுதானா? புள்ளய எங்க உக்கார வைப்ப, மாப்பிள்ளைய எங்க உக்கார வைப்ப?"

அம்மா இதைக் கேட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னெடுத்தார். பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பூக்கட்டி விற்றவர்கள் என்று எல்லோரும் தெருவில் விழுந்து எழுந்து பழகினார்கள். கேலிக்கும் கெட்ட பேச்சுக்கும் குறைவில்லை. என் அம்மாவும் அவர்களில் ஒருவர். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பலருக்கு அதுவே பிடித்தும் போனது. காரணம் அதன் குறுக்குக் கம்பி. அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம். தம்பி முன் கம்பியில், நான் கேரியரில், தண்ணீர்க் குடம் பக்கவாட்டில் என்று அம்மா மிதித்துப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அம்மாவின் விடுதலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பேருந்துக்கும் அப்பாவுக்கும் காத்திருந்த ஒருவர் தன் நேரத்தைத் தானே வைத்துக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் அந்தச் சைக்கிளிலும் அவர் தனியாகப் போனதாக எனக்கு நினைவில்லை. மியாட்டாவில் எனக்குக் கிடைத்தது வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது இடப்பற்றாக்குறை. அதில் மூன்றாவது ஆளை ஏற்ற முடியாது. டிக்கியில் உதிரிச் சக்கரமும் பேட்டரியும் போக மிச்சமிருக்கும் இடத்தில் ஓர் அரிசி மூட்டை வைத்தால் முடிந்தது. "வர்ற வழியில அப்படியே..." என்று யாரும் தொடங்க முடியாது. ஆன் ஆர்பர் பக்கம் ஹியூரான் நதியை ஒட்டி ஒரு சாலை வளைந்து வளைந்து போகிறது. கோடையில் வாரம் ஒருமுறை கூரையைத் திறந்துவிட்டு அங்கே போவேன். யாரையும் கொண்டுவிடுவதற்காகப் போவதில்லை.

இதோடு நிறுத்தினால் இது ஓர் அழகான விளம்பரமாகிவிடும். என் மகளுக்குப் பதினைந்து வயதானபோது கதை சிக்கலானது.

மிச்சிகனில் பிள்ளைகள் உரிமம் வாங்குமுன் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்து 50 மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும். அதில் 10 மணி நேரம் இரவில். அவள் முதல் நாளே கேட்டாள்: "நான் ரெட் கார்ல கத்துக்கலாமா?" அவளிடம் உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் உடலுக்கு நான் எடுத்த முடிவு வேறு, அவள் உடலுக்கு நான் எடுக்கும் முடிவு வேறு. மீண்டும் எண்களிடம் போனேன்.

இந்த முறை வேறு எண்கள். என் மியாட்டாவில் ஓட்டுபவருக்கு மட்டும் ஒரு ஏர்பேக். பக்கத்து இருக்கைக்கு இல்லை. ஏபிஎஸ் இல்லை. சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும் மின்னணு ஏற்பாடு 2012 மாடல் ஆண்டிலிருந்துதான் அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. 1992 வண்டியில் அது எப்படி இருக்கும்? வண்டி கவிழ்ந்தால் தலைக்கு மேல் இருப்பது துணி. துணிக் கூரையின் மழைநீர் வடிகிற துளைகள் இலைச் சருகால் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே தேங்கி, கதவுக்குக் கீழே உள்ள இரும்பை உள்ளிருந்தே தின்னும். வெளியிலிருந்து தெரியாது. பனிக்காலத்தில் இங்கே சாலையில் உப்புக் கொட்டுவார்கள், அது தனி. ஃபிட்டில் ஆறு ஏர்பேக். சறுக்கல் கட்டுப்பாடு, ஏபிஎஸ், பின்பக்கக் கேமரா எல்லாம் உண்டு.

இன்னும் தோண்டியபோது நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. மோதல் சோதனைகளில் உட்கார வைக்கும் பொம்மைகளைப் பற்றி. பல பத்தாண்டுகளாக உலகெங்கும் பயன்படும் அடிப்படைப் பொம்மை 1970-களில் உருவானது. 175 செ.மீ. உயரம், 78 கிலோ எடை, சராசரி ஆண். பெண் பொம்மை என்று ஒன்று உண்டு. ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்தது. சுமார் 150 செ.மீ., 49 கிலோ. அமெரிக்க அரசு நட்சத்திர மதிப்பெண் கொடுக்கும் நேருக்கு நேர் மோதல் சோதனையில் அதை 2011 மாடல் ஆண்டிலிருந்து வைக்கிறார்கள். எங்கே தெரியுமா? பக்கத்து இருக்கையில். ஓட்டுவது ஆண் பொம்மை. எனக்கு அந்தப் பெண் பொம்மையின் உயரம் ஏறக்குறைய சரி, எடைதான் கல்யாணத்துக்கு முந்தையது. ஆனால் நான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், கால் எட்டுவதற்காக அதை நெருங்கி உட்கார்ந்திருக்கிறேன். அந்த இடத்தில் என்னைப் போன்ற ஒருத்தியை அந்தச் சோதனை எதிர்பார்க்கவில்லை.

விளைவு என்ன? வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சீட் பெல்ட் அணிந்தவர்களை மட்டும் ஒப்பிட்டாலும், நேருக்கு நேர் மோதலில் பெண்களுக்குக் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 73 சதவீதம் அதிகம். ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற பேராசிரியரின் குழு சராசரிப் பெண்ணின் உடலைப் போல, 162 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையுமாக, ஒரு பொம்மையை உருவாக்கிக் காட்டியது 2022-இல்தான். கார் ஓடத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு.

அதே 2022-இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை இன்னொரு கணக்கை வெளியிட்டது. ஒரே மாதிரி மோதலில் முன் இருக்கையில் இருக்கும் பெண் இறக்கும் அபாயம் ஆணைவிட எவ்வளவு அதிகம் என்று பார்த்தார்கள். 2009 வரையிலான மாடல்களில் ஏறத்தாழ 18 சதவீதம். 2010-க்குப் பிந்தைய மாடல்களில் அது 6 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

இந்த எண் என்னை நெடுநேரம் உட்கார வைத்தது. எனக்குச் சுதந்திரம் தந்த வண்டிதான் என் உடலைக் கணக்கில் எடுக்காத காலத்தின் வண்டி. என்னை நாலு பக்கமும் வேலைக்கு இழுத்த வண்டிதான் என் உடலைக் கொஞ்சமாவது கணக்கில் எடுத்தது. அந்த மாற்றமும் தானாக வரவில்லை. விதிகள் வந்தன, சோதனைகள் மாறின, பெண்கள் ஏன் அதிகம் அடிபடுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். நமக்கு இன்பம் ஒரு காரிலும் பாதுகாப்பு இன்னொரு காரிலுமாகப் பிரித்து விற்கப்பட்டிருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார்கள். நான் இரண்டையும் வைத்துக்கொண்டேன் என்றால், இரண்டு கார் வைத்துக்கொள்ள வசதி இருப்பதால். எல்லாப் பெண்களுக்கும் அது இல்லை.

'பத்திரமா போ' என்று கேட்டுத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். டியூஷனுக்குப் போகும்போது, கல்லூரி விடுதிக்குப் போகும்போது, கணவன் வீட்டுக்குப் போகும்போது. பெரும்பாலும் அந்தச் சொல்லின் அர்த்தம் போகாதே என்பதுதான். தமிழில் பத்திரத்துக்கு இன்னோர் அர்த்தமும் இருக்கிறது. வீட்டுப் பத்திரம், நிலப் பத்திரம். முதல் பத்திரத்தைத் தினமும் கேட்கிற பெண்கள் இரண்டாவதில் தங்கள் பெயரை அபூர்வமாகத்தான் பார்க்கிறார்கள். இங்கே காருக்கு டைட்டில் என்று ஒரு காகிதம் தருவார்கள். அதுதான் அதன் பத்திரம். மியாட்டாவின் பத்திரத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது. என் வாழ்க்கையில் என் பெயர் மட்டும் இருக்கும் முதல் சொத்து அது.

மகளுக்கு 50 மணி நேரமும் ஃபிட்டில்தான். பனியில், மழையில், இரவில், நெடுஞ்சாலையில். அதை நான் அவளிடம் பயமுறுத்திச் சொல்லவில்லை. 18-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவள் கோபப்பட்டாள், என்மேல் இல்லை. "அந்த டம்மி ஏன் பாசெஞ்சர் சீட்லயே உக்காந்திருக்கு?" என்றாள். நல்ல கேள்வி. அதைப் பள்ளியில் ஒரு கட்டுரையாக எழுதினாள்.

கோடை மாலைகளில் காலியாக இருக்கும் ஒரு வாகன நிறுத்தத்துக்கு மியாட்டாவை எடுத்துப் போகிறோம். அங்கே 15 மைல் வேகத்தில் கிளட்ச் கற்றுத் தருகிறேன். ஓட்டுபவர் பக்கம்தான் ஏர்பேக் என்பதால் அவள் அங்கே, நான் இங்கே. வண்டி குலுங்கி நிற்கிறது, மீண்டும் எடுக்கிறாள். முன்விளக்குகளை ஏற்றி இறக்கி விளையாடுகிறாள். அந்த இடத்தைவிட்டு வெளியே அவள் அதை ஓட்டுவதில்லை.

கார் வாங்கப் போகும் இளம் பெண்கள் என்னிடம் எது நல்லது என்று கேட்டால், குதிரைத்திறனோடு வேறு சிலவற்றையும் கேட்கச் சொல்கிறேன். எந்த ஆண்டு மாடல்? யாருடைய உடலை வைத்துச் சோதித்தார்கள்? உட்கார்ந்தால் உன் கால் எட்டுகிறதா, கழுத்து சாய்வோடு பொருந்துகிறதா? எத்தனை இருக்கை, அவற்றில் யார் யார் உட்காரப் போகிறார்கள், அவர்களை யார் கொண்டுவிடப் போகிறார்கள்? பத்திரம் யார் பெயரில்?

தினமும் ஓட்ட ஒரே ஒரு கார்தான் என்றால் நான் ஃபிட்டைத்தான் சொல்வேன், தயங்காமல். அதற்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பிரித்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். இப்போது ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது என் இணையர். ஃபிட்டின் பின் இருக்கையில் சிந்திய மிக்சரை அவர்தான் பெருக்குகிறார்.

சிவப்பு வண்டி நவம்பரில் போர்வைக்குள் போய்விடும், உப்பு கழுவப்பட்ட பிறகு ஏப்ரலில் வெளியே வரும். மகள் 18 வயதானதும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு இந்த எண்கள் எல்லாவற்றையும் மேஜைமேல் வைப்பேன். பக்கத்தில் சாவியையும் வைப்பேன்.